ஏரியைக் காலி செய்த கதை

சென்னையில் வாடகைக்குக் குடியிருப்பவரைக் காலி செய்ய வைப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. நோட்டீஸ் விட வேண்டும், கோர்ட்டுக்கு நடக்க வேண்டும், நடுநடுவே மோட்டார் சுவிட்சை அணைத்துவிட்டு ஊருக்குப் போய்விட வேண்டும். அப்படியும் அவர் தீபாவளிப் பலகாரத்தோடு வந்து “சார், இன்னும் ஒரு வருஷம்” என்று நிற்பார். இப்பேர்ப்பட்ட ஊரில் தலைமுறை தலைமுறையாக ஒரே இடத்தில் படுத்துக் கிடந்த ஓர் ஏரியை 1920களில் மூன்றே வருஷத்தில் கிளப்பிவிட்டார்கள். ஏரியிடம் பட்டா இல்லை, அதுதான் விஷயம். நீர்நிலைப் புறம்போக்கு என்று ரெவின்யூ கணக்கில் எழுதியிருந்தால் எழுதினதுதான். ஏரி எழுந்து வந்து கையெழுத்துப் போடப் போகிறதா என்ன? அது படுத்திருந்த இடத்துக்குத்தான் இன்று தியாகராய நகர் என்று பெயர். சுருக்கமாக தி.நகர். அங்கே ஒரு கிரவுண்டு, அதாவது 2400 சதுர அடி, என்ன விலை என்று கேட்பவரைப் புரோக்கர்கள் முதலில் ஏற இறங்கப் பார்ப்பார்கள்.

அந்த ஏரிக்கு வெள்ளைக்காரன் வைத்த பெயர் லாங் டாங்க். நீளமாக இருந்தது, அதனால் நீள ஏரி. அவன் கற்பனை அவ்வளவுதான். நுங்கம்பாக்கத்தில் தலையை வைத்து, சைதாப்பேட்டைப் பக்கம் காலை நீட்டி, பிறை வடிவத்தில் வளைந்து கிடந்தது. வடக்குத் துண்டை நுங்கம்பாக்கம் ஏரி என்றும் தெற்குத் துண்டை மயிலாப்பூர் ஏரி என்றும் சொன்னார்கள். மதராஸ் பட்டணத்துக்கு மேற்கு எல்லை அதுதான். கிழக்குக் கரையை ஒட்டி மவுண்ட் ரோடு போனது. மேற்குக் கரைக்கு அந்தப் பக்கம் மாம்பலம், புலியூர், கோடம்பாக்கம் என்று கிராமங்கள். நெல் வயல், தோப்பு, மாடு, மாட்டுக்குப் பின்னால் பையன். அது செங்கற்பட்டு ஜில்லா, சைதாப்பேட்டை தாலுகா. அங்கிருந்து பட்டணத்துக்குப் போகிறவன் ‘மதராஸுக்குப் போய்ட்டு வரேன்’ என்று வீட்டில் சொல்லிவிட்டுத்தான் கிளம்புவான்.

ஏரிக்கு வேலை இருந்தது. மழைக்காலத்தில் நிரம்ப வேண்டும், கோடையில் மதகு திறந்து வயலுக்கு விட வேண்டும், மிச்சம் மீதி கலங்கல் வழியாக அடையாற்றுக்குப் போக வேண்டும். சம்பளம் கிடையாது, லீவு கிடையாது. போதாக்குறைக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் துரைமார்கள் இதிலே படகுப் போட்டி வேறு நடத்தினார்கள். தொப்பி வைத்த நாலு பேர் வேர்த்து விறுவிறுத்துத் துடுப்புப் போட்டு, போன இடத்திலிருந்து திரும்பவும் புறப்பட்ட இடத்துக்கே வருவதை, கரையில் எருமையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தவர் பார்த்திருப்பார். இந்தக் கூட்டத்திடமா நம் ராஜாக்கள் நாட்டைத் தோற்றார்கள் என்று அவருக்கு நிச்சயம் தோன்றியிருக்கும்.

பட்டணத்துக்குள்ளே கதை வேறு. ஜார்ஜ் டவுன் பிதுங்கியது. திருவல்லிக்கேணியில் ஒண்டுக்குடித்தனத்துக்குள் ஒண்டுக்குடித்தனம். ஊரை ஒழுங்குபடுத்த லான்செஸ்டர் என்ற ஆங்கிலேயக் கட்டடக் கலைஞரை அழைத்தார்கள். அவர் ஊரெல்லாம் சுற்றிப் பார்த்து மதராஸ் நகரமைப்பு பற்றி 1918-ல் ஒரு புத்தகம் போட்டார். 1920-ல் நகரமைப்புச் சட்டம் வந்தது. சட்டம் வந்துவிட்டால் அதை எதன் மேலாவது பிரயோகித்துப் பார்க்காமல் எந்த அதிகாரியாலும் இருக்க முடியாது. அதன் பிறகு நடந்த கூட்டம் ஒன்று இப்படித்தான் போயிருக்கும்:

“ஊருக்குள்ள இடமே இல்லீங்க. ஒரு வீட்டுத் திண்ணையில உக்காந்து காலை நீட்டினா எதிர் வீட்டுத் திண்ணை மேல படுது.”

“மேற்கே போகலாமே?”

“மேற்கே ஏரி இருக்குதுங்க.”

“அதுல யார் இருக்காங்க?”

“மீன்.”

“வரி கட்டுதா?”

“இல்லீங்க.”

“அப்புறம் என்ன யோசனை?”

1923-லிருந்து 1925-க்குள் கரையை உடைத்துத் தண்ணீரை வெளியேற்றி, மண்ணைக் கொட்டி மேடாக்கி, மாம்பலம் வீட்டுமனைத் திட்டம் என்று கோடு போட்டுவிட்டார்கள். நடுவில் ஒரு பூங்கா, அதிலிருந்து கை விரித்தாற்போல அகலமான சாலைகள், நடுநடுவே சின்னப் பூங்காக்கள், வீட்டுக்கு முன்னால் தோட்டம், பின்னால் கிணறு. காகிதத்தில் பார்த்தால் இன்றைக்கும் ஆசையாகத்தான் இருக்கும். கிணறு தோண்டிய இடத்திலெல்லாம் உடனே தண்ணீர் வந்தது. அதைக் கண்டு ஆச்சரியப்பட்டவர்கள் ஏரிக்குள் நிற்கிறோம் என்பதை மறந்தவர்களாகத்தான் இருக்க வேண்டும்.

அடுத்து, பெயர் வைக்கும் வைபவம். தி.நகர் சரித்திரத்திலேயே சுவாரசியமான கட்டம் இதுதான்.

அப்போது ஆட்சியில் இருந்தது நீதிக்கட்சி. 1916-ல் பிட்டி தியாகராயர், டி.எம். நாயர், நடேச முதலியார் மூன்று பேரும் சேர்ந்து ஆரம்பித்த கட்சி. 1920 தேர்தலில் ஜெயித்தது. முதல் மந்திரி பதவி தேடி வந்தபோது தியாகராயர் ‘எனக்கு வேண்டாம்’ என்று சொல்லிவிட்டார். தமிழ்நாட்டு அரசியலில் அந்த வாக்கியத்தை அதன் பிறகு மனசாரச் சொன்னவர்கள் ரொம்பக் குறைவு. பட்டணத்தின் மாநகராட்சித் தலைவராக இருந்தார். ஆயிரம் விளக்கில் ஒரு பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு போட ஏற்பாடு செய்தார். எப்போதும் வெள்ளை உடுப்பு. 1925-ல் காலமானார். புதுப் பேட்டைக்கு அவர் பெயரையே வைத்தார்கள். மனிதர் வட சென்னைக்காரர், தறி வைத்து நெசவுத் தொழில் நடத்தியவர். அவர் பெயர் கொண்ட இடத்தில் இன்று பட்டுப்புடவை மலை மலையாக விற்கிறது. வெள்ளைதான் அங்கே போணியாகாது.

தலைவருக்கு ஊரைக் கொடுத்தாயிற்று. மற்றவர்கள் சும்மா இருப்பார்களா? நடுப் பூங்கா பனகல் ராஜாவுக்கு. அவர் அப்போது முதல் மந்திரி, எனவே நடு இடம். முகமது உஸ்மானுக்கு ஒரு நெடுஞ்சாலை. பின்னால் இவர் கவர்னர் நாற்காலியிலேயே தற்காலிகமாக உட்கார்ந்தவர், ஆகவே சாலையும் நீளம்தான். நடேச முதலியாருக்கு ஒரு பூங்கா. 1919-லேயே லண்டனில் போய்ச் சேர்ந்துவிட்ட டாக்டர் நாயருக்கு ஒரு சாலை. கோபதி நாராயணசாமி செட்டிக்கு ஒன்று, தணிகாசலம் செட்டிக்கு ஒன்று. மாநகராட்சிக் கமிஷனர் வெங்கடநாராயணாவுக்கு ஒன்று. வெள்ளைக்கார அதிகாரிகள் மலோனி, போக் ஆகியோருக்கும் பங்கு உண்டு. சௌந்தரபாண்டிய நாடாருக்குக் கடைத்தெரு கிடைத்தது; ஜனங்கள் அவரைப் பாண்டி என்று செல்லமாகச் சுருக்கி பஜாரோடு ஒட்டிவிட்டார்கள். புதுச்சேரியிலிருந்து வந்து கடை போட்டவரால் வந்த பெயர் என்று சாதிப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களோடு வாதாடிப் பிரயோசனமில்லை, வழியிலேயே நிறுத்திப் பேசுவார்கள்.

மொத்தத்தில் தி.நகர் வரைபடம் என்பது நீதிக்கட்சியின் செயற்குழுக் கூட்ட வருகைப் பதிவேடு. எல்லாருக்கும் இடம் ஒதுக்கினார்கள். இடத்தைக் கொடுத்த ஏரிக்கு ஒரு சந்துகூட ஒதுக்கவில்லை. தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம், மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு என்று ஒன்று இருக்கிறது. நுங்கம்பாக்கத்தில் டாங்க் பண்ட் ரோடு, லேக் ஏரியா. ஏரியைப் பார்த்த சாலை, ஏரிக்கரைச் சாலை, ஏரிப் பகுதி. பார்த்தவர்களுக்கும் பக்கத்தில் நின்றவர்களுக்கும் பலகை வைத்துவிட்டார்கள்.

இதற்கு ஒரு பின்கதை உண்டு. எழுபதுகளின் கடைசியில் தெருப் பெயர்களிலிருந்து சாதிப் பெயரை எடுக்க வேண்டும் என்று தமிழ்நாடு அரசு உத்தரவு போட்டது. நல்ல உத்தரவுதான். ஆனால் நீதிக்கட்சிப் பெரியவர்களின் பெயரில் பாதி அதுவாகத்தான் இருந்தது. ஜி.என். செட்டி சாலை பலகையில் ஜி.என். சாலை ஆனது, ஆட்டோக்காரர் வாயில் செட்டி அப்படியே இருந்தார். டாக்டர் நாயர் சாலையில் நாயரை எடுத்திருந்தால் டாக்டர் மட்டும் மிஞ்சியிருப்பார், ஃபீஸ் எவ்வளவு என்று ஜனங்கள் விசாரிக்க ஆரம்பித்திருப்பார்கள்.

சரி, மனை போட்டாயிற்று. வாங்க ஆள் வேண்டுமே? ஆரம்ப காலத்து மாம்பலம் பற்றிப் பெரியவர்கள் சொல்லும் கதைகள் எல்லாவற்றிலும் ஒரு நரி ஊளையிடும், ஒரு பாம்பு குளியலறைக்குள் நுழையும். மயிலாப்பூரில் மாமனார் இப்படிச் சொல்லியிருப்பார்: “மாப்ளே, இங்கே ரெண்டு ரூம் ஆனாலும் கோயில் இருக்கு, குளம் இருக்கு. அந்தச் சேத்துல போய் வீடு கட்டினா என் பொண்ணு சாயங்காலம் யாரோட பேசுவா?” மாப்பிள்ளை கேட்கவில்லை. மாப்பிள்ளை கேட்காததால் பேரன்கள் இன்று கோடீஸ்வரர்கள். குடும்பச் சரித்திரத்தில் மாமனார் பேச்சைக் கேட்டவர்களின் வம்சம் இன்னும் இரண்டு ரூமில்தான் இருக்கிறது என்று தி.நகர்க்காரர்கள் அடக்கமாகச் சொல்லிக்கொள்வார்கள்.

ரயில் வந்து காரியத்தை முடித்தது. 1931 மே மாதம் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓட ஆரம்பித்தது. மாம்பலத்தில் ஏறி உட்கார்ந்து ஹிந்து பேப்பரை மடிப்பதற்குள் எழும்பூர், விரிப்பதற்குள் கோட்டை. குமாஸ்தாக்கள் குவிந்தார்கள். அதே தண்டவாளம் ஊரை இரண்டாகவும் வெட்டியது. கிழக்கே அகல சாலை, போர்ட்டிகோ வைத்த பங்களா, மாநகராட்சி விளக்கு. மேற்கே சைதாப்பேட்டை நகராட்சி, குறுகல் தெரு, திறந்த சாக்கடை. ஒரே மாம்பலம், ஒன்று தியாகராய நகர் ஆகிப் பெரிய மனுஷன் ஆனது, மற்றது மேற்கு என்ற அடைமொழியோடு பழைய வீட்டிலேயே தங்கிவிட்டது. ஏரி போனபோது அதனுடன் போயிருக்க வேண்டிய கொசுக்கள் போகாமல் மேற்குப் பக்கம் குடியேறின. மேற்கு மாம்பலம் என்றாலே யானைக்கால் நோய் என்று ஊர் பேசிய காலம் இருந்தது. ஜாதகம் பொருந்தி, நட்சத்திரம் பொருந்தி, கடைசியில் மாப்பிள்ளையின் விலாசத்தைக் கேட்டுவிட்டுப் பெண் வீட்டார் யோசித்த கதைகள் உண்டு. 1946-ல் சைதாப்பேட்டை நகராட்சி மதராஸோடு சேர்ந்தது. 1953-ல் அங்கே பொது சுகாதார மையம் வந்தது. கொசு தன் உரிமையை இன்றுவரை முழுசாக விட்டுக்கொடுக்கவில்லை.

நடுவில் 1942 ஏப்ரலில் ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று மதராஸே மூட்டை கட்டியது. சொன்ன விலைக்கு வீட்டை விற்றுவிட்டுக் கும்பகோணத்துக்கு ரயில் ஏறியவர்கள் உண்டு. அந்த வருஷம் ஜப்பான்காரன் வரவில்லை. வாங்கியவர் மட்டும் வந்து பால் காய்ச்சினார்.

நாற்பதுகளின் கடைசியில் கோடம்பாக்கம் பக்கம் சினிமா ஸ்டூடியோக்கள் முளைத்தன. நட்சத்திரங்களுக்கு வீடு வேண்டும். அடுத்த பேட்டையே தி.நகர். கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் வெங்கடநாராயணா சாலைக்கு வந்தார். சிவாஜி போக் ரோட்டில் அன்னை இல்லம் என்று ஒரு மாளிகையை அமைத்துக்கொண்டார். பின்னாளில் அந்தச் சாலைக்கே அவர் பெயர் வந்து போக் துரை போய்விட்டார். சாவித்திரி ஹபிபுல்லா சாலையில். எம்.ஜி.ஆர். ஆற்காடு தெருவில் வைத்திருந்த இடம் இன்று நினைவு இல்லம். டி.ஆர். ராஜகுமாரி பாண்டி பஜாரில் தன் பெயரிலேயே ஒரு தியேட்டர் கட்டினார். வெளியூரிலிருந்து வருபவர்கள் காலையில் எம்.ஜி.ஆர். வீட்டு வாசலிலும் மத்தியானம் சிவாஜி வீட்டு வாசலிலும் நின்று, சாயங்காலம் இரண்டு பேருடைய ரசிகர்களிடமும் அடி வாங்காமல் ரயில் ஏறினால் யாத்திரை பூர்த்தி.

அரசியல்வாதிகளும் வந்து சேர்ந்தார்கள். இங்கேதான் நீதிக்கட்சிப் பெரியவர்களின் ஆவி நிம்மதி இழந்திருக்கும். அவர்கள் ஜென்மத்துக்கும் எதிர்த்த காங்கிரஸின் ராஜாஜி, கடைசிக் காலத்தில் பசுல்லா சாலையில். அந்த ராஜாஜிக்கு அரசியலில் எதிர்வரிசையில் இருந்த காமராஜர், கூப்பிடு தூரத்தில் திருமலைப் பிள்ளை சாலையில், அதுவும் வாடகை வீட்டில். ஒன்பது வருஷம் முதல்வராக இருந்தவர் 1975 அக்டோபர் 2 அன்று அந்த வாடகை வீட்டில்தான் கண்ணை மூடினார். இன்றைய கவுன்சிலர் யாரிடமாவது இதைச் சொன்னால் ‘ஏன், அவருக்கு மச்சான் யாரும் இல்லையா?’ என்று கேட்பார். இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் மாநில அலுவலகம் பாலன் இல்லம், சிவாஜி பெயர் கொண்ட அதே சாலையில். பாரதிய ஜனதாவின் கமலாலயம் வைத்தியராமன் தெருவில். எல்லாவற்றுக்கும் சிகரம், தட்சிண பாரத் ஹிந்தி பிரச்சார சபா. காந்தி 1918-ல் ஆரம்பித்த சபை. 1946-ல் வெள்ளி விழாவுக்குக் காந்தியே இங்கு வந்து தங்கினார். தமிழ்நாட்டில் ஹிந்தியை எதிர்த்துக் கூட்டம் போட்ட அத்தனை தலைவர்களின் அரசியல் பாட்டனார் நீதிக்கட்சி. அந்தக் கட்சிக்காரர் பெயர் தாங்கிய தணிகாசலம் சாலையில் உட்கார்ந்துகொண்டுதான் சபை ஹிந்தியைப் பரப்பியது. அதைவிட வேடிக்கை, ஹிந்தி ஒழிக என்று ஊர்வலம் போன வீட்டுப் பிள்ளைகளே சாயங்காலம் பிராத்மிக் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தார்கள்.

கடைகள் ஒன்றும் சினிமாக்காரர்களுக்குப் பின்னால் வரவில்லை. நல்லி 1928-லேயே தொடங்கிவிட்டது. காஞ்சிபுரத்திலிருந்து புடவை வந்தது, புடவைக்காகப் பெண்கள் வந்தார்கள், பெண்கள் வந்தால் பாத்திரக் கடை, பாத்திரத்துக்குப் பக்கத்தில் நகைக் கடை, நகைக்குப் பணம் கொடுக்க வங்கி, வங்கி வாசலில் அதிர்ச்சியைத் தெளிவிக்கக் காபி ஹோட்டல். கல்யாணம் நிச்சயமானால் விழுப்புரமோ வேலூரோ, ஒரு வேனைப் பிடித்து தி.நகரில் இறங்க வேண்டும் என்பது ஏறக்குறைய ஒரு சடங்கு. நாதஸ்வரம் இல்லாமல்கூடக் கல்யாணம் நடக்கும்.

இதன் உச்சம் ரங்கநாதன் தெரு. மாம்பலம் ஸ்டேஷனிலிருந்து உஸ்மான் சாலைக்குப் போகும் ஒரு சின்னத் தெரு, அவ்வளவுதான். திண்ணையும் துளசி மாடமுமாக வீடுகள் இருந்த தெரு. இன்று அதில் நடப்பதற்குக் கால் தேவையில்லை. ஸ்டேஷன் வாசலில் நின்றால் போதும், கூட்டமே உங்களைத் தூக்கிக்கொண்டு போய் உஸ்மான் சாலையில் போட்டுவிடும். போகிற வழியில் ஒரு கையில் பாப்கார்னும் இன்னொரு கையில் நீங்கள் கேட்காத ஒரு பிளாஸ்டிக் வாளியும் வந்திருக்கும். “வாங்கக்கா வாங்க, எது எடுத்தாலும் ஒரே ரேட்டு” என்று மைக்கில் ஒருவர். அவருக்கு எதிரே அதே பொருளை அதைவிடக் குறைந்த ஒரே ரேட்டுக்கு இன்னொருவர். தலைக்கு மேலே ஏழாவது மாடியில் மாட்டிய ஏ.சி. சொட்டுச் சொட்டாக நெற்றியில் தீர்த்தம் விடும். ஒரு அம்மா நைட்டியை இரண்டு கையாலும் இழுத்து, வெளிச்சத்தில் பிடித்து, முகர்ந்துகூடப் பார்த்துவிட்டு “சாயம் போகுமா?” என்பார். விற்கிறவர் மனம் நொந்தவராக, “அக்கா, போச்சுன்னா நானே வீட்டுக்கு வந்து தோய்ச்சுத் தரேன்” என்பார். தீபாவளி சமயத்தில் போலீஸ் கண்காணிப்புக் கோபுரம் கட்டி, ‘திருடர்கள் ஜாக்கிரதை’ என்று ஒலிபெருக்கியில் அலறும். உடனே எல்லாரும் பர்ஸ் இருக்கிற பையைத் தொட்டுப் பார்ப்பார்கள். எந்தப் பை என்று திருடனுக்கும் தெரிந்துவிடும்.

கட்டட விதிகள் என்று ஒரு சமாசாரம் உண்டு. 2011-ல் தீபாவளி முடிந்த கையோடு, அக்டோபர் கடைசியில், அந்தத் தெருவில் விதியை மீறிய பெரிய பெரிய கட்டடங்களுக்கு அதிகாரிகள் சீல் வைத்தார்கள். விதியைச் சில மாடி உயரத்துக்கு மீறிவிட்டார்கள் என்பது அண்ணாந்து பார்த்தால் யாருக்கும் தெரியும். அதிகாரிகளுக்குக் கழுத்து வலி போலிருக்கிறது, அத்தனை வருஷம் பார்க்கவில்லை. பொங்கல் வியாபாரத்துக்கு முன்னால் வழக்கு சுப்ரீம் கோர்ட் வரை போய், ஜனவரியில் கடைகள் திறந்தன. ஜனங்கள் இரண்டு நாளும் வந்தார்கள்: சீல் வைத்ததை வேடிக்கை பார்க்க ஒரு நாள், திறந்ததும் புடவை எடுக்க ஒரு நாள்.

அந்தப் பழைய பங்களாக்கள் என்ன ஆயின என்றால், பிரிந்தன. தாத்தா ஒரு ஏரியில் நாலு கிரவுண்டு வாங்கினார். அப்பாவும் சித்தப்பாவும் ஆளுக்கு இரண்டாகப் பிரித்தார்கள். பிள்ளைகள் கலிபோர்னியாவிலிருந்து பவர் ஆஃப் அட்டார்னி அனுப்பினார்கள். புரோமோட்டர் ஒருவர் வந்து பாதிக்குப் பாதி என்று பேசி முடித்து, மாமரத்தை வெட்டி, கிணற்றை மூடி, பாட்டியின் பெயரையே அடுக்குமாடிக்கு வைத்தார். இப்போது ஒவ்வொருவரிடமும் பிரிக்கப்படாத பங்காக நிலத்தில் சில நூறு சதுர அடி இருக்கிறது, அது எங்கே இருக்கிறது என்று யாராலும் கால் வைத்துக் காட்ட முடியாது. பட்டா இல்லாமல் கிடந்த ஏரிக்கும் பட்டா வைத்திருக்கும் இவருக்கும் இந்த ஒரு விஷயத்தில் பெரிய வித்தியாசம் கிடையாது.

வடக்குத் துண்டான நுங்கம்பாக்கம் ஏரி இன்னும் கொஞ்ச காலம் தாக்குப்பிடித்தது. அதைக் குப்பையும் மண்ணும் கொட்டித் தூர்த்து, 1976-ல் வள்ளுவர் கோட்டம் எழுப்பினார்கள். திருவாரூர்த் தேர் மாதிரி 128 அடி உயரத்தில் ஒரு கல் தேர், உள்ளே 1330 குறளும். கட்டிய கருணாநிதியின் ஆட்சி திறப்பு விழாவுக்கு முன்பே கலைக்கப்பட்டுவிட்டது. கடவுள் வாழ்த்து முடிந்த கையோடு வள்ளுவர் பாடிய இரண்டாவது அதிகாரமே வான் சிறப்பு. மழை பொய்த்தால் என்ன ஆகும் என்று பத்துக் குறள். அவற்றைப் பாடியவருக்கு மரியாதை செய்ய இந்த ஊர் தேர்ந்தெடுத்தது ஒரு ஏரியின் வயிறு.

ஏரி மேல்முறையீடு செய்துகொண்டே இருக்கிறது. வள்ளுவர் கோட்டத்துப் பக்கம் கிளம்பி, தி.நகருக்கு நடுவே ஒளிந்து ஒளிந்து போய், நந்தனம் தாண்டி அடையாற்றில் விழும் மாம்பலம் கால்வாய்தான் அதன் மிச்சம். கடைக்காரர் முதல் கட்டடக்காரர் வரை எல்லாரும் வேண்டாததை அதில்தான் போடுவார்கள். 2015 டிசம்பரில் அடையாறு பெருகி மேற்கு மாம்பலம் வீடுகளுக்குள் போனது. 2003-ல் வீட்டுக்கு வீடு மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்று சட்டம் வந்ததும் ஞாபகம் இருக்கலாம். ஊரே சேர்ந்து ஏரியை வடித்துவிட்டு, எண்பது வருஷம் கழித்து ஆளுக்கொரு குழி தோண்டிச் சொட்டு நீரைப் பிடிக்கச் சொன்னது. 2019 கோடையில் குழியும் காய்ந்தது. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில், ஒரு தடவைக்கு 25 லட்சம் லிட்டர் என்று, சென்னைக்குத் தண்ணீர் ஏற்றி வந்தார்கள். அதே வருஷம் நவம்பரில் பாண்டி பஜாரில் ஸ்மார்ட் சிட்டி நடைபாதை வளாகம் திறந்தார்கள். இரண்டு வருஷம் கழித்து, 2021 நவம்பர் மழையில், அந்த ஸ்மார்ட் பேட்டையில் நாள் கணக்கில் தண்ணீர் நின்றது. கால்வாய் வேலைக்காகத் தோண்டிய மண்ணும் இடிபாடும் கால்வாய்க்குள்ளேயே கிடந்தன என்று கண்டுபிடித்தார்கள். ஓய்வு பெற்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி திருப்புகழ் தலைமையில் குழு போட்டார்கள். 1918-ல் லான்செஸ்டர், 2021-ல் திருப்புகழ். முன்னவர் வந்தபோது தண்ணீர் இருந்தது, வீடு இல்லை. பின்னவர் வந்தபோது வீட்டுக்குள்ளேயே தண்ணீர் இருந்தது.

தரையில் இடமில்லாமல் இப்போது வானத்துக்குப் போய்விட்டோம். மாம்பலம் ஸ்டேஷனிலிருந்து தி.நகர் பஸ் நிலையத்துக்கு 570 மீட்டர் நீளத்தில், சுமார் 28 கோடி ரூபாய் செலவில், 2023 மே மாதம் ஆகாய நடைபாதை ஒன்று திறந்தார்கள். நல்ல காரியம். அதில் போனால் ரங்கநாதன் தெருவின் நெரிசலை மேலிருந்து பார்க்கலாம். பார்த்தவர்களில் பலர் ‘அங்கே ஏதோ தள்ளுபடி போலிருக்கே’ என்று கீழே இறங்கிவிடுகிறார்கள்.

அடுத்த தீபாவளிக்கு நீங்களும் போகத்தான் போகிறீர்கள். பையை முன்பக்கமாக மாட்டிக்கொள்ளுங்கள். பில்லை அங்கேயே சரிபாருங்கள், வீட்டுக்கு வந்து பார்த்தால் பிரயோசனமில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு போகாதீர்கள். அதை நிறுத்த இடம் தேடி நீங்கள் மறுபடி கோடம்பாக்கத்துக்கே வந்துவிடுவீர்கள். மழை பிடித்துக்கொண்டால் என்ன அவசரமானாலும் துரைசாமி சுரங்கப்பாதைப் பக்கம் மட்டும் போக வேண்டாம். அங்கே அரை மணி நேர மழைக்கே தண்ணீர் நிற்கும்.